திராட்சைக் கொடியின் பெற்றோரைத் தேடி

முதல் வேலை தளிர் பறிப்பது. கொடி நுனியில் விரல்நகம் அளவுக்கே விரிந்த இளம் இலைதான் வேண்டும். முற்றிய இலையில் துவர்ப்புச் சத்து அதிகம். அரைத்ததும் சாறு பழுப்பேறி, டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு பின்னால் வரும் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். தளிரைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பொடித்து, செல்லை உடைத்து டிஎன்ஏவை வெளிக்கொணரும் சிடாப் கரைசலில் கலக்க வேண்டும். துவர்ப்பைப் பிடித்துவைக்க அதில் பிவிபி பொடியும் சேரும். குளோரோஃபார்மால் சுத்தம் செய்தபின் ஐசோபுரோபனாலை விட்டால் டிஎன்ஏ நூல்நூலாகத் திரளும். வெள்ளையாக இருந்தால் நிம்மதி. பழுப்பாக இருந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் மறுபடி தளிர் பறிக்கப் போவதே நல்லது.

இனி குறிகள். டிஎன்ஏவில் இரண்டு எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. எத்தனை முறை வருகிறது என்பது ரகத்துக்கு ரகம் மாறும். அக்கம்பக்கத்து எழுத்துகள் அவ்வளவாக மாறாது. அங்கே ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகளான பிரைமர்களைப் போட்டு, பிசிஆரில் பெருக்கி, துண்டின் நீளத்தை அளக்கிறோம். விவிஎஸ்2, விவிஎம்டி5, விவிஎம்டி7, விவிஎம்டி27, விஆர்ஸாக்62, விஆர்ஸாக்79 என்ற ஆறும் பல நாட்டு ஆய்வகங்களுக்குப் பொதுவானவை. கடைசி இரண்டும் வட அமெரிக்கக் காட்டுக் கொடியான வைட்டிஸ் ரிப்பாரியாவில் கண்டெடுத்தவை. ஐரோப்பிய வினிஃபெராவிலும் நன்றாகவே வேலை செய்கின்றன.

இனம் விலக விலகத்தான் ஆபத்து. பிரைமர் ஒட்டும் இடத்தில் எழுத்து மாறியிருந்தால் அந்தப் பிரதி பெருகாமல் போகலாம். தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு அளவு வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் தெரியும். அதை அப்படியே நம்பினால் உண்மையான பெற்றோரையே தள்ளிவிடுவோம். மஸ்கடைன் கொடிக்குக் குரோமோசோம் 40, மற்ற வைட்டிஸ்களுக்கு 38. அவ்வளவு தூரத்து உறவில் ஒவ்வொரு குறியையும் சோதித்த பிறகே கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒரே துண்டு இரண்டு ஆய்வகங்களில் ஓரிரு எழுத்து கூடக்குறைய அளவாகும். அதனால் தெரிந்த ரகங்களையும் கூடவே ஓட்டி, அவற்றை வைத்து எண்களைச் சரிசெய்ய வேண்டும்.

பிறகு ஒப்பீடு. ஒவ்வொரு இடத்திலும் ஓர் அளவு தாயிடமிருந்து, இன்னொன்று தந்தையிடமிருந்து வந்திருக்க வேண்டும். ரகத்தை அடையாளம் காண ஆறு குறி போதும். பெற்றோரைச் சொல்ல இன்னும் நிறைய வேண்டும். இப்படித்தான் 1997இல் ஜான் பவர்ஸும் கரோல் மெரிடித்தும் கேபர்னே சாவின்யோனின் பெற்றோர் கேபர்னே ஃபிராங்கும் சாவின்யோன் பிளாங்கும் என்று காட்டினார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை என்று விளையும் மஸ்கட் ஹாம்பர்க்கின் பெற்றோர் ஸ்கியாவா கிராஸாவும் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியாவும் என்பதும் இதே வழியில் உறுதியானது.

ஆனால் இந்தக் குறிகளால் எல்லாவற்றையும் பிரித்துக்காட்ட முடியாது. பினோ நுவார், பினோ கிரி, பினோ பிளாங்க் மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். ஒன்று கருநீலம், ஒன்று சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு, ஒன்று வெளிர்பச்சை. ஆறு குறியிலும் எண்கள் ஒன்றே.