ஜிஃப் படத்துக்குள் ஒளிந்திருந்த காப்புரிமை

தீபாவளி வந்தால் கைப்பேசியில் மினுமினுக்கும் விளக்குப் படம் வராத வீடு இல்லை. அப்படி அசையும் படங்களை நாம் 'ஜிஃப்' என்கிறோம். இந்த ஜிஃப் ஒரு காலத்தில் பெரிய காப்புரிமைத் தகராறில் சிக்கியிருந்தது.

படக் கோப்பின் அளவைக் குறைக்க ஜிஃப் பயன்படுத்தும் கணக்கு முறைக்கு எல்.ஸெட்.டபிள்யூ. என்று பெயர். அமெரிக்காவின் ஸ்பெர்ரி நிறுவனத்தில் பணியாற்றியபோது டெர்ரி வெல்ச் உருவாக்கியது அது. 1984 ஜூன் மாதம் ஒரு கணினி இதழில் அதை அவர் விளக்கி எழுதினார். படித்த மென்பொருள் உருவாக்குநர்கள் பலர், எல்லாருக்கும் பொதுவானது என்று எண்ணித் தங்கள் நிரல்களில் சேர்த்துக் கொண்டனர்.

ஆனால், அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1983 ஜூன் 20ஆம் தேதி, காப்புரிமைக்கு விண்ணப்பம் போயிருந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, உரிமை கிடைக்கும் வரை விண்ணப்பம் இரகசியம். யார் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. 1985 டிசம்பரில் உரிமை வழங்கப்பட்டபோது அந்த முறை நன்றாகப் பரவிவிட்டது.

1987இல் கம்பியூசர்வ் நிறுவனம் அதை வைத்தே ஜிஃப்பை வெளியிட்டது. அப்போது தேடியிருந்தால் காப்புரிமை கண்ணில் பட்டிருக்கும். அந்தக் கவனக்குறைவுக்குச் சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. 1994 டிசம்பரில், ஜிஃப் மென்பொருள் தயாரிப்போர் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. கொதித்துப்போன உருவாக்குநர்கள் அடுத்த மாதமே 'பிஎன்ஜி' என்ற மாற்று வடிவத்துக்கான வேலையில் இறங்கினர்.

இரகசியத்துக்கும் காரணம் உண்டு. விண்ணப்பத்தைப் பாதியில் மீட்டுக்கொள்பவர், தம் கண்டுபிடிப்பைத் தொழில் இரகசியமாகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால், அது நீண்டுகொண்டே போனால் பாதிக்கப்படுவது அடுத்தவர்தான். அதனால் அமெரிக்காவும் 2000 நவம்பர் 29 முதல் தாக்கலாகும் விண்ணப்பங்களைப் பொதுவாக 18 மாதங்களில் வெளியிடுகிறது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதே 18 மாதக் கணக்குதான். சுங்கை பட்டாணியில் வீட்டிலிருந்தே செயலி செய்யும் இளைஞர் இன்று மைஐபிஓ பதிவேட்டில் தேடி, 'ஒன்றும் இல்லை' என்று நிம்மதி அடைந்தால், கடந்த ஒன்றரை ஆண்டில் வந்த பல விண்ணப்பங்களை அவர் பார்க்கவே இல்லை என்று பொருள். செயலி வெளிவந்த பிறகும் தேடலைத் தொடர வேண்டியிருக்கிறது.

அவருக்குக் கைகொடுக்கும் விதி ஒன்றும் உண்டு. பிறர் விண்ணப்பித்த நாளுக்கு முன்பே ஒரு முறையை இந்நாட்டில் நல்லெண்ணத்துடன் பயன்படுத்தி வந்தவர், அதைத் தொடர மலேசியக் காப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு இடம் தருகிறது. அதை நிரூபிக்க, தேதியோடு கூடிய நிரல் பதிவுகளும் குறிப்புகளும் கையில் இருக்க வேண்டும்.