கால்வாயில் ஒரு கோலம்!

ஒட்டாவாவில் வேலை பார்க்கும் அத்தை மகன் ஒரு வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தான். வெள்ளை, சாம்பல், குறுக்கே நாலைந்து சிவப்புக் கீற்று. அவ்வளவுதான் படம். கீழே, 'கால்வாயில் ஸ்கேட்டிங்'! பூந்தமல்லியில் எங்கள் வீட்டில் அன்றைக்குப் பட்டிமன்றமே நடந்தது. "தலைகீழா பிடிச்சிருக்கேடா" என்றார் அப்பா. திருப்பிப் பிடித்தேன். அப்பவும் அப்படியேதான் இருந்தது.

அம்மாதான், "சிக்குக் கோலத்தை யாரோ மிதிச்சுட்டுப் போயிட்டாங்க" என்றாள். மாடர்ன் ஆர்ட்டுக்கு இதைவிட நல்ல விமரிசனம் நான் படித்ததில்லை சார்! யோசித்துப் பாருங்கள். ஷூவுக்கு அடியில் இரும்புத் தகடு, கீழே ஐஸ். ஆள் போன பிறகு மிச்சம் இருப்பது கீறல்தான். மூக்கு, தொப்பி எல்லாம் எதற்கு? ஓவியர் கீறலை மட்டும் வைத்துக்கொண்டார். நம்ம கே.சி.எஸ். பணிக்கர்கூட 1963-லிருந்து ஜாதகக் கட்டமும் புரியாத எழுத்துமாக ஒரு வரிசையே வரைந்தாரே, அதெல்லாம் படிக்க இல்லை, பார்க்க.

அட்டையில் இருப்பது ரீடோ கால்வாய். 1832-ல் திறந்தது. வெட்டும்போது செத்தவர்கள் சுமார் ஆயிரம் பேர். அதில் நிறையப் பேரைக் கொன்றது மலேரியா. கனடாவில் கொசு! குளிர்காலத்தில் ஊருக்குள்ளே 7.8 கிலோமீட்டர் உறைந்துவிட்டால், ஆபீசுக்கே சறுக்கிக்கொண்டு போகிற ஆட்கள் உண்டு. (பூந்தமல்லி பஸ்சில் தொங்குகிறவர்கள் பெருமூச்சு விடலாம்.)

ஆனால் 2022-23 குளிர்காலத்தில் ஒரு நாள்கூட அதைத் திறக்கவில்லை. ஐஸ் சுமார் 30 சென்டிமீட்டர் கனம் இருந்தால்தான் ஆள் ஏற விடுவார்கள். அவ்வளவு உறையவே இல்லை. ஐம்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

நம் பக்கிங்காம் கால்வாயிலும் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற துண்டு கிட்டத்தட்ட அதே நீளம்தான், 8 கிலோமீட்டர். 1877-78 பஞ்சத்தில், பசித்தவர்கள் கூலிக்கு வெட்டியது. திருவேற்காடு வழியாக எங்கள் ஊர்ப் பக்கம் வருகிற கூவம்தான் பட்டணத்தில் அதோடு சேருகிறது. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் போன தண்ணீரில், 1995-ல் ஓட ஆரம்பித்த பறக்கும் ரயிலின் தூண்கள் இறங்கி நிற்கின்றன.

யாராவது மயிலாப்பூர்ப் பக்கம் நின்று இதை மாடர்ன் ஆர்ட்டாக வரையட்டுமே. தூண், தூண், இன்னொரு தூண். நடுவே ஒல்லியாக ஒரு கறுப்புக் கோடு. "படகு எங்கே?" என்று எங்கப்பா நிச்சயம் கேட்பார்.