உங்களுக்குத் தெரியுமா? கறிவேப்பிலையில் ஒரு ஜெர்மன் டாக்டர்

பாலவாக்கத்தில் காய்கறிக்காரம்மா கொசுறாகப் போடும் கறிவேப்பிலைக்கு அறிவியல் பெயர் ‘முர்ரயா கோனிகீ’. அந்தக் கோனிக் ஒரு டாக்டர். இன்றைய லாத்வியாவில், ஜெர்மன் குடும்பத்தில் 1728இல் பிறந்தவர். தாவரவியல் மேதை லின்னேயஸின் மாணவர். 1768இல் மருத்துவராகத் தரங்கம்பாடி வந்தார். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே தெற்கே போனால் வரும் ஊர்தான்.

வைத்தியம் பார்த்தபடியே செடிகொடிகளைச் சேகரித்தார். உலர்த்திய இலைகள் கப்பலேறி ஐரோப்பா போயின. கறிவேப்பிலைக்குச் சீடனின் பெயரைச் சூட்டியவர் குருவேதான். எவ்வளவு பெரிய மரியாதை!

பிறகு ஆற்காடு நவாபிடமும் கிழக்கிந்தியக் கம்பெனியிலும் வேலை பார்த்தார். 1785இல் காக்கிநாடா பக்கம் ஜகந்நாதபுரத்தில் சீதபேதியால் இறந்தார். அப்போது உடனிருந்து சிகிச்சை அளித்தவர் இன்னொரு தாவரவியல் டாக்டர், நண்பர் வில்லியம் ராக்ஸ்பர்க்.