யானைமலைக்கு எத்தனை மில்லிமீட்டர்?

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் புதிதாகக் கேமரா வாங்குகிறவர் முதலில் குறிவைப்பது யானைமலையைத்தான். மேலூர் சாலையோரம் சுமார் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் அந்தப் பாறை, கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 கிட் லென்ஸில் சிறுத்துப்போய், மின்கம்பிகளுக்குப் பின்னால் ஒரு பழுப்புக் கோடாக விழுகிறது. அடுத்து ஆள் நிற்பது லென்ஸ் கடையில். அங்கே பேச்சு முழுக்க மில்லிமீட்டர் எண்தான்: 250 போதுமா, 300 வேண்டுமா, பேசாமல் 600-க்கே போய்விடலாமா? எண் ஏற ஏற விலையும் எடையும் ஏறுகின்றன. கூடவே படமும் ஏறும் என்று வாங்குகிறவர் நம்புகிறார். மதுரைச் சமவெளியில் அன்றாடம் படமெடுக்க, அதிர்வைத் தடுக்கும் வசதியோடு 250 அல்லது 300 வரை போகும் மலிவு ஜூம் போதும் என்பது என் கட்சி. அதற்கு மேல் போடும் பணத்தில் பெரும்பங்கைக் காற்று தின்றுவிடும். பேச்சுக்குச் சொல்வதல்ல இது, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

முதலில் மலையைப் பெரிதாக்கும் வித்தை. அதைச் செய்வது லென்ஸ் என்றே பலரும் நினைக்கிறார்கள். செய்வது நாம் நிற்கும் இடம். ஒரு டீக்கடை முன்னால், மலை பின்னால். கடையின் உயரம் 4 மீட்டர், அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி 80 மீட்டர் உயரத்தில் பாறை என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். கடைக்கு 20 மீட்டர் முன்னால் நின்று எடுத்தால், படத்தில் மலை கடையின் உயரத்தில் பாதிகூட வராது. அதே ஆள் கடையிலிருந்து 200 மீட்டர் தள்ளிப் போய் நின்றால் கடை பத்தில் ஒன்றாகச் சுருங்கும், மலை கொஞ்சம்தான் குறையும். இப்போது மலை கடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். தூரம் செய்த இந்த வேலையைச் சட்டத்துக்குள் அடக்கித் தருவது மட்டுமே ஜூமின் பங்கு. ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேமராவில் 200 மில்லிமீட்டர் வைத்தாலே மலையும் கடையும் மேலிருந்து கீழ்வரை சட்டத்தை நிறைத்துவிடும். அதே இடத்திலிருந்து 600 வைத்தால் மலையில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் உள்ளே வரும். முழுதாக வேண்டுமென்றால் இன்னும் இரண்டு கிலோமீட்டர் பின்வாங்க வேண்டும். அத்தனை தூரத்துக்கு மறைப்பில்லாத இடம் ஊருக்குள் எங்கே இருக்கிறது?

அடுத்தது நுணுக்கம். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் 250 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்து அரை கிலோமீட்டர் தள்ளியுள்ள பாறையைப் பார்த்தால், ஒரு பிக்சலுக்குள் விழுவது ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் அகலம். 250-ஐ எஃப் எண் 5.6-ஆல் வகுத்தால் வரும் லென்ஸின் துளை 45 மில்லிமீட்டர். ஒளி அலையாகப் பரவுவதால் எந்தத் துளையும் காட்டும் நுணுக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. இந்தத் துளைக்கு அதே அரை கிலோமீட்டரில் அந்த எல்லையும் ஏழெட்டு மில்லிமீட்டர்தான். மலிவு லென்ஸும் சென்சாரும் ஒன்றுக்கொன்று சரியான ஜோடி. 600-இல் எஃப் 6.3 தரும் பெரிய ஜூமுக்குத் துளை 95 மில்லிமீட்டர். அதன் எல்லை இதில் பாதிக்கும் கீழே, மூன்றரை மில்லிமீட்டர். காகிதத்தில் பெரியதுதான் ஜெயிக்கிறது.

ஆனால் நடுவே அரை கிலோமீட்டர் காற்று இருக்கிறது. வெப்பம் ஒரு டிகிரி மாறினால் காற்றின் ஒளிவிலகல் எண் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறும். கேட்க அற்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் சித்திரை வெயிலில் காய்ந்த வயலுக்கு மேலும் நான்குவழிச்சாலைத் தாருக்கு மேலும் சூடும் குளிர்ச்சியுமான காற்றுக் குமிழ்கள் இடைவிடாமல் புரள்கின்றன, ஒவ்வொன்றும் ஒளியை ஒவ்வொரு பக்கம் சற்றே திருப்பிவிடுகிறது. தூரத்து லாரியின் டயர் தண்ணீரில் நெளிவதுபோல் தெரிவது இதனால்தான். இந்தக் கலக்கத்தை அளக்க டேவிட் ஃப்ரைட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1966-இல் ஓர் அளவுகோல் கொடுத்தார். ஒளி அலை கசங்காமல் வந்து சேரும் அகலம் எவ்வளவு என்பதே அது. லென்ஸின் துளை அந்த அகலத்தைத் தாண்டினால் கூடுதல் கண்ணாடியால் கூடுதல் நுணுக்கம் வராது. தரையை ஒட்டி, உச்சிவெயிலில், அரை கிலோமீட்டருக்கு அந்த அகலம் ஒன்றிரண்டு சென்டிமீட்டராகச் சுருங்கிவிடலாம். அப்போது 45 மில்லிமீட்டர் துளையே அதிகப்படி. இரண்டு லென்ஸும் பாறையில் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்த எதையும் பிரித்துக் காட்டாது. பெரிய லென்ஸ் அதே கலங்கலைப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான். மூட்டத்தால் வெளிறிய படத்தைக் கணினியில் கான்ட்ராஸ்ட் கூட்டித் தேற்றிவிடலாம்; கானலில் நெளிந்த படத்துக்கு அந்த வைத்தியம் பலிக்காது.

வானியலாளர்கள் இந்தக் காற்றுக் கலக்கத்தோடு நெடுங்காலமாக மல்லுக்கட்டுகிறார்கள். சூரியனைப் பார்க்கும் ஆய்வகம் 1899-இல் கொடைக்கானல் மலைக்குப் போனதில் நல்ல காற்றைத் தேடியதற்கும் பங்கு உண்டு. காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.3 மீட்டர் அகலம். அது அள்ளும் ஒளி ஏராளம். ஆனாலும் சாதாரண இரவில் காற்று அதன் நுணுக்கத்தை ஒரு பத்து சென்டிமீட்டர் தொலைநோக்கியின் அளவுக்கு இறக்கிவிடும்.

விடிகாலையில் காற்று அடங்கித்தானே இருக்கும், அப்போது 600 ஜெயிக்குமே என்று கேட்கலாம். ஜெயிக்கும். சூரியன் எழுந்து சற்று நேரம் வரை தரைக்கும் காற்றுக்கும் வெப்ப வித்தியாசம் அதிகமில்லை. மழை விட்ட மேகமூட்ட நாளும் அப்படியே. ஆனால் அந்த நேரத்தில் மலிவு ஜூமும் தன் முழு நுணுக்கத்தை எட்டிவிடுகிறது. நண்பகலில் பெரிய லென்ஸோடு நிற்பவரைவிட, காலை ஆறரைக்குச் சின்ன ஜூமோடு மலையடிவாரத்து நரசிங்கம் பக்கம் போய் நிற்பவருக்கே நல்ல படம் கிடைக்கும்.

வெளிச்சத்தைச் சொல்லி எழும் மறுப்பு இதைவிட வலுவானது. விலை உயர்ந்த ஜூம்கள் எஃப் 2.8 வரை திறக்கும், மலிவு ஜூம்கள் நீட்டினால் 5.6-க்கோ 6.3-க்கோ சுருங்கிவிடும், வேகமான காட்சிக்கு இது எப்படிப் போதும் என்பார்கள். ஃபிலிம் காலத்து வாய்ப்பாடு ஒன்று உண்டு: நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால் ஐஎஸ்ஓ 100-க்கு ஷட்டர் 1/100. எஃப் 5.6-க்கு வந்தால் வெளிச்சம் எட்டு மடங்கு, ஷட்டர் 1/800. ஐஎஸ்ஓவை 200 ஆக்கினால் 1/1600. அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் ஜல்லிக்கட்டு வாடிவாசலைத் தாண்டிப் பாயும் காளையை உறைய வைக்க இது தாராளம். நம் ஊர் வெயில் மலிவு லென்ஸுக்கு மானியம் தருகிறது. சித்திரைப் பௌர்ணமி விடியலில் அழகர் வைகையில் இறங்கும் நேரம் மட்டும் வேறு கதை. எஃப் 2.8 அங்கே நான்கு மடங்கு ஒளி தரும். அது ஐஎஸ்ஓ 1600-இல் முடிக்கிற வேலைக்கு நாம் 6400 போக வேண்டும். படத்தில் மணல் தூவியது போன்ற சொரசொரப்பு கொஞ்சம் தெரியும். ஒன்றரைக் கிலோ லென்ஸை அந்தக் கூட்டத்தில் இரவெல்லாம் தூக்கி நிற்பதைவிட அது மேல்.

பறவைக்காரர்களின் வாதத்தை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர். லகர் ஃபால்கன், ஷாஹீன் ஃபால்கன், போனெல்லிக் கழுகு என வேட்டைப் பறவைகள் அங்கே உண்டு. நூறு மீட்டர் தள்ளிப் பாறையில் உட்கார்ந்திருக்கும் 45 சென்டிமீட்டர்ப் பறவை 250-இல் 290 பிக்சல் நீளம்தான் வரும், 600-இல் 700 வரும். கூடு இருக்கும் பாறையை நெருங்குவது பறவைக்குத் தொல்லை, ஆகவே ‘கிட்டப் போய் எடு’ என்ற யோசனையும் இங்கே செல்லாது. வேட்டைப் பறவைகளே உங்கள் குறி என்றால் பெரிய லென்ஸுக்குச் சேமியுங்கள். ஆனால் அது அன்றாடம் ஆகாது. அன்றாடம் என்பது வாய்க்கால் கம்பியில் பத்து மீட்டரில் உட்காரும் பஞ்சுருட்டான், உழுத வயலில் டிராக்டருக்குப் பின்னால் நடக்கும் கொக்கு. பஞ்சுருட்டான் 250-இலேயே ஆயிரம் பிக்சலைத் தாண்டும்.

கைப்பேசியே ஜூம் செய்கிறதே என்பவர்கள் துளையைப் பார்க்கட்டும். அதன் தொலைவு லென்ஸின் துளை ஐந்தாறு மில்லிமீட்டர். கூடுதலாகத் தெரிவதில் ஒரு பகுதியை மென்பொருள் ஊகித்து வரைகிறது.

இனி வாங்குவது. முதல் நிபந்தனை அதிர்வுத் தடுப்பு. அது இல்லாமல் 250-ஐக் கையில் பிடித்தால் 1/400-க்குக் கீழே ஷட்டரை இறக்க முடியாது. இருந்தால் அசையாத காட்சிக்கு 1/40 வரை இறங்கலாம். நடமாடும் ஆளை அது நிறுத்தாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கேனன் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவருக்கு 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் நல்ல தேர்வு: எடை 375 கிராம், 85 சென்டிமீட்டர் வரை நெருங்கிக் குவியம் கொள்ளும். அந்த நெருக்கத்தில் எட்டு சென்டிமீட்டர் அகலம்கூட இல்லாத இடம் முழுச் சட்டத்தையும் நிறைக்கும். மல்லிகை மொட்டுகளும் அவற்றைக் கட்டும் விரல்களும் உள்ளே இருக்கும், வேறெதுவும் இருக்காது. அதைவிட மலிவாகக் கிடைக்கும் கேனன் 75-300-இல் அதிர்வுத் தடுப்பு கிடையாது, அதன் 300 என்ற எண்ணில் மயங்க வேண்டாம். நிக்கான் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 இரண்டு வகையாக வருகிறது. பெயரில் விஆர் என்ற எழுத்துகள் உள்ளதை மட்டும் எடுங்கள். டி90 போன்ற பழைய நிக்கான் கேமராக்களில் இந்த வரிசை குவியமே செய்யாது. டாம்ரான் 2020-இல் சோனிக்கு விட்ட 70-300 கூர்மையானது, ஆனால் அதிலும் தடுப்பு இல்லை. சோனி ஏ6400 போன்ற கேமராவுக்குள்ளும் இல்லை. இரண்டும் இல்லாத ஜோடியைப் பகல் வெயிலுக்கு மட்டும் நம்பலாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் விலை இன்னும் குறையும். அப்படி வாங்குகிறவர் லென்ஸின் பின்பக்கத்திலிருந்து கைப்பேசி டார்ச்சை அடித்து முன்பக்கம் சாய்வாகப் பார்க்க வேண்டும். தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும், அதனால் கேடில்லை. சிலந்தி நூல்போல் கிளை கிளையாகப் பிரிந்து தெரிந்தால் அது ஃபங்கஸ். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பைக்குள்ளேயே கிடந்த லென்ஸ் என்று பொருள். அது கண்ணாடிப் பூச்சை அரித்துவிடும், சுத்தம் செய்யும் கூலி லென்ஸின் விலையை எட்டிப்பிடிக்கும். ‘கொஞ்சம்தாண்ணே இருக்கு, படத்துல தெரியாது’ என்று கடைக்காரர் சொன்னால் அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள்.