நாணயத்தில் இருப்பவர் யார்?



புனித நாட்டுக்குத் திருப்பயணம் போய் வந்தவர்கள் சிலர், கைக்குட்டையில் பொதிந்த சிறு வெண்கலக் காசு ஒன்றைக் காட்டி, "சாமி, இது இயேசு காலத்துக் காசாம்" என்று சொல்வதுண்டு. அதை மந்திரித்துத் தரச் சொல்வோரும் உண்டு. மந்திரிப்பதற்கு முன் அது என்ன காசு என்று பார்த்துவிடுவோமே.

வரி செலுத்துவது பற்றிக் கேட்டவர்களிடம் ஆண்டவர் ஒரு தெனாரியத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதில் யாருடைய முகம், யாருடைய பெயர் என்று கேட்டார் (மாற்கு 12). பழங்காசு ஆய்வாளர்களும் அங்கேதான் தொடங்குகிறார்கள். தெனாரியம் வெள்ளிக்காசு; நம்மவர் கொண்டுவருவது பெரும்பாலும் வெண்கலம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பச்சையும் பழுப்புமான அந்தக் களிம்புப் படலம் போனால் எழுத்தும் சேர்ந்தே போகும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் எடுங்கள். விளிம்பையும் பாருங்கள். உரோமையர் இக்காசுகளை அச்சில் வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடினால், வார்த்தெடுத்த போலியோ என்று சந்தேகிக்கலாம்.

இனி, அடிக்கடி கிடைக்கும் ஒரு வகை: 15 முதல் 18 மில்லிமீட்டர் அகலம்; ஒரு பக்கம் வலப்புறம் நோக்கிய அரசரின் முகம்; மறுபக்கம் ஈட்டி ஏந்திய இரு வீரர்கள், நடுவே படைக்கொடி. சுற்றிலும் 'குளோரியா எக்செர்சித்துஸ்', அதாவது 'படையின் மாட்சி' என்ற இலத்தீன் சொற்கள். இது கான்ஸ்டன்டைன் பேரரசர் குடும்பத்தின் காசு. கொடி இரண்டானால் ஏறக்குறைய கி.பி. 330 முதல் 335 வரை. ஒன்றானால் அதற்குச் சற்றுப் பிந்தியது.

குழப்பம் பெயரில்தான் வரும். தந்தை கான்ஸ்டன்டைன், மகன்கள் கான்ஸ்டன்டைன், கான்ஸ்டான்டியுஸ், கான்ஸ்டான்ஸ். எல்லாப் பெயருக்கும் தொடக்கம் ஒன்றே! தேய்ந்த காசில் முதல் ஆறு எழுத்து மட்டும் தெரிந்தால் யார் என்று சொல்ல முடியாது. பெயரை அடுத்து 'மாக்ஸ்' (மாபெரும்) என்றிருந்தால் தந்தை. 'இயூன்' (இளையவர்) என்றிருந்தால் அதே பெயர்கொண்ட மகன். 'நோப்' என்பது பட்டத்து இளவரசருக்குரிய 'மேன்மைமிகு' என்பதன் சுருக்கம்.

வீரர்களின் காலடியில் உள்ள சிறு எழுத்துகள் காசு அடித்த நகரைச் சொல்லும். சிலவற்றில் ஒரு நகரின் பெயர்ச் சுருக்கம் இருக்கும். அது அந்தியோக்கியா; சீடர்கள் முதன்முதலில் கிறிஸ்தவர் என்று அழைக்கப்பட்ட அதே நகர். அதைப் பார்க்கும்போது உள்ளம் சிலிர்ப்பது இயல்பே. ஆனாலும் அந்தக் காசு, இயேசு சிலுவையில் அறையப்பட்டு 300 ஆண்டுகளுக்குப் பின் அடித்தது. அவர் காலத்துக் காசு என்ற விலை அதற்குத் தகாது.

அப்படியானால் ஆண்டவர் காலத்து வெண்கலக் காசு எப்படி இருக்கும்? பிலாத்து அடித்தவை இன்றும் கிடைக்கின்றன. கி.பி. 29-க்கும் 32-க்கும் இடைப்பட்டவை. எழுத்து கிரேக்கம், சீசர் திபேரியுவின் பெயரும் ஆட்சியாண்டும் இருக்கும். ஒரு வகையில் உரோமைச் சமயச் சடங்குக்கான கரண்டி, மற்றொன்றில் குறிசொல்வோரின் வளைந்த கோல். யூதர் கண்ணுக்கு அவை உறுத்தியிருக்கும். ஆனால் பிலாத்துகூட அவற்றில் அரசரின் முகத்தை இடவில்லை. ஆகவே, முகம் இருந்தால் அது பிலாத்துவின் காசு அன்று.