டார்ச் முனையில் பிறக்கும் கண்ணாடி மணி

ஒரு கையில் கண்ணாடித் தண்டு. மறுகையில், களிமண் கலந்த குழம்பில் தோய்த்து உலர்த்திய மெல்லிய எஃகுக் கம்பி. தண்டின் நுனி சுடரில் இளகித் தேன்போல் தொங்கும்போது, கம்பியை உருட்டிக்கொண்டே அதன்மேல் சுற்றினால் மணி உருவாகிறது. ஆறியபின் கம்பியை உருவினால், அது இருந்த இடம்தான் துளை.

வெனிஸ் நகரம் இந்த வேலைக்குப் பேர்போனது. ஒரு காலத்தில் அங்கே கொழுப்போ எண்ணெயோ எரியும் விளக்கின் சுடரைத் துருத்தியால் ஊதிக் கூர்மையாக்கி மணி செய்தார்கள். இன்று புரோபேனும் ஆக்சிஜனும் கலந்து எரியும் டார்ச் வந்துவிட்டது. இத்தாலியும் பிரான்சும் சேர்ந்து முன்வைத்த கண்ணாடி மணிக் கலையை, 2020-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

ஒரு மேசையும் டார்ச்சும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம் என்பதால் பலர் ஆசையோடு இதில் இறங்குகிறார்கள். இறங்கட்டும், அழகான வேலை. சுடருக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாதவற்றை அலட்சியம் செய்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

முதலில் கண். சாதாரணக் கண்ணாடியில் சோடியம் இருக்கிறது. சூடேறியதும் அது 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிக் கடும் மஞ்சள் ஒளியை உமிழ்ந்து மணியையே மறைத்துவிடும். நியோடிமியமும் பிரசியோடிமியமும் கலந்த டிடிமியம் கண்ணாடியை அணிந்து பார்த்தால், அந்த மஞ்சள் திரை சட்டென்று விலகும். சுடருக்குள் உருளும் மணியின் விளிம்பு துல்லியமாகத் தெரியும். இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே, கண்ணுக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். சாதாரண டிடிமியம் மஞ்சளைத்தான் வடிகட்டும். அகச்சிவப்புக் கதிரைப் போதிய அளவு தடுக்காது. உலை முன்னே வருடக்கணக்கில் நின்ற கண்ணாடித் தொழிலாளர்களுக்குக் கண்புரை வந்தது இந்தக் கதிரால்தான். வில்லியம் குரூக்ஸ் என்ற ஆங்கில வேதியியலாளர் இதற்காகவே பற்பல கண்ணாடிக் கலவைகளைச் சோதித்து, 1913-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் தன் ஆய்வை வாசித்தார். குறிப்பாக, போரோசிலிக்கேட் கண்ணாடிக்கு அதிக வெப்பம் வேண்டும். அது வெண்ணிறமாய் ஒளிரும். அதற்கு அகச்சிவப்பையும் தடுக்கும் கருநிற வடிகட்டி கட்டாயம்.

அடுத்தது மூச்சு. 2,000 டிகிரிக்கு மேல் எரியும் சுடர், சுற்றியிருக்கும் காற்றின் நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து நைட்ரஜன் ஆக்சைடுகளை உண்டாக்குகிறது. அவற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடு பொல்லாதது. சுவாசித்தபோது பெரிதாக ஒன்றும் தோன்றாமல், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர்கோத்துக்கொள்ளச் செய்யும். ஜன்னலைத் திறந்து வைத்தேனே என்பது போதாது. சுடருக்கு நேர் மேலே கூண்டும், வெளியே தள்ளும் விசிறியும் வேண்டும். புகை முகத்தைத் தாண்டிப் போகும் முன்பே இழுபட வேண்டும். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக, முதுகுப் பக்கமிருந்து புதுக்காற்று வரவும் வழி இருக்க வேண்டும். கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால், வண்ணத் தண்டுகளுக்கு முன்னால் இதற்குச் செலவழியுங்கள்.

புரோபேன், சமையல் எரிவாயுவைப் போலவே காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். அதனால் சிலிண்டருக்கு இடம் வீட்டுக்கு வெளியேதான். இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது அந்தந்த நாளின் முதல் வேலை. ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் படக்கூடாது. அழுத்தமான ஆக்சிஜனில் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும். சுடர் குழாய்க்குள் பின்வாங்காமல் தடுக்கும் வால்வையும் மறக்க வேண்டாம்.

சுடுகிற கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுதான். செந்நிறம் மறைந்த பிறகும் தண்டு பல நூறு டிகிரியில் இருக்கும். அதனால் தண்டுகளைத் தாங்கியில் எப்போதும் ஒரே திசையில், சூடான முனை எதிர்ப்பக்கம் இருக்கும்படி வையுங்கள். குளிர்ந்த தண்டைத் திடீரென்று சுடருக்குள் நீட்டினால் படீரென்று தெறிக்கும். தூரத்திலிருந்து மெல்லக் காட்டிச் சூடேற்ற வேண்டும். பருத்தி உடை போடுங்கள். நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

முடிந்த மணி 500 டிகிரியை ஒட்டிய சூளையில் சிறிது நேரம் இருந்து, மெதுவாக ஆற வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தங்கிய இறுக்கத்தால் என்றோ ஒருநாள் கழுத்திலேயே விரிசல் விடும். கடைசியில் துளைக்குள் ஒட்டிய மண்பூச்சை அரத்தால் சுரண்டும்போது, மணியைத் தண்ணீருக்குள் வைத்தே சுரண்டுங்கள். அந்தத் தூளில் சிலிக்கா இருக்கலாம். மேசையையும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.