பூட்டிய காருக்குள் நாய்: கலிஃபோர்னியா சட்டம் என்ன சொல்கிறது?

"ஐந்தே நிமிடத்தில் வந்துவிடுவேன்" என்று நாயைக் காரில் விட்டுக் கடைக்குள் போகிறவர்கள் பெரும்பாலும் அதன்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள்தான். வெயில் அவ்வளவாக இல்லையே என்ற தைரியம்தான் நாயின் உயிருக்கு எமனாகிறது.

இதமான நாளிலும் ஆபத்து

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பத்தை அளந்து, 2005இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெளியே 22 டிகிரி செல்சியஸ் மட்டுமே இருந்தபோதுகூட, ஒரு மணி நேரத்தில் உள்ளே 47 டிகிரியைத் தொட்டது. ஏறிய சூட்டில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தும் பெரிய பலன் இல்லை.

நாய் தவிக்கும் விதம்

நாய்க்கு நம்மைப் போல உடம்பெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சுற்றியுள்ள காற்றே கொதித்தால் இரைத்தும் பயனில்லை. இயல்பாக 38, 39 டிகிரியில் இருக்கும் உடல் வெப்பம் 41ஐத் தாண்டினால் மூளை, சிறுநீரகம், குடல் எல்லாமே பாதிக்கப்படலாம். எச்சில் கெட்டியாக வழியும், ஈறு செக்கச்செவேலென்று சிவக்கும், கால் தள்ளாடும், பிறகு கண்ணாடியைத் தட்டினாலும் திரும்பிப் பார்க்காது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் இன்னும் சீக்கிரம் துவண்டுவிடும்.

உடைக்கலாம், ஆனால் முறைப்படி

வெப்பம், குளிர், காற்றோட்டமின்மை போன்றவற்றால் விலங்குக்கு ஆபத்து நேரக்கூடிய நிலையில் அதைக் காரில் தனியே விடுவது கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 597.7 பிரிவின்படி குற்றம். பெரிய பாதிப்பு இல்லையென்றால் முதல்முறை அபராதம் 100 டாலருக்கு மேல் போகாது. ஓர் உயிரோடு விளையாடியதற்கு இது மிகக் குறைவு என்றே சொல்வேன். கடுமையான பாதிப்பு என்றால் 500 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இந்தச் சட்டத்தின் அருமையான பகுதி 2017 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. வழியில் போகிற யாரும் கண்ணாடியை உடைத்து நாயை மீட்கலாம். வழக்கோ நஷ்டஈடோ அவர்மேல் பாயாது. ஆனால் கதவு பூட்டியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். உடனே வெளியே எடுக்காவிட்டால் நாய்க்குத் தீங்கு நேரும் என்று நியாயமாக நம்ப வேண்டும். உடைப்பதற்கு முன்பே 911க்கோ, காவல், தீயணைப்பு, விலங்குக் கட்டுப்பாட்டுத் துறைகளுக்கோ தகவல் சொல்ல வேண்டும். தேவைக்கு மேல் சேதம் கூடாது. அதிகாரி வரும்வரை நாயோடு அருகிலேயே பத்திரமான இடத்தில் இருந்து, அவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவசரத்தில் பலர் தவறவிடக்கூடியது அந்த போன் அழைப்பைத்தான்.

காத்திருக்கும் நேரத்தில்

நாயை நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். நினைவிழந்த நாயின் வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள். எழுந்து நடமாடினாலும் கால்நடை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். உள்ளுறுப்புப் பாதிப்பு சில நாள் கழித்தும் தலைகாட்டும்.